வெளிமான் கணக்கெடுப்பு: மானோடு மேய்ச்சல் நிலத்தையும் அளக்க வேண்டும்

ஆடு மாடு வளர்ப்பவர்கள் மாலையில் பட்டியில் அடைக்கும்போது எண்ணிப் பார்ப்பது வழக்கம். ஒன்று குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும். காட்டிலும் தரிசிலும் திரியும் மானுக்குப் பட்டி இல்லை. எண்ணப் போனால் ஓடுகிறது. ஒரே கூட்டத்தை இரண்டு பேர் இரண்டு இடத்தில் பார்த்து இருமுறை எண்ணிவிடுவதும் உண்டு. ஆகவே இதற்கென்று தனி முறைகள் உள்ளன. அவை கடினமானவை அல்ல. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்த எவரும் கற்றுக்கொள்ளலாம். வெளிமான் மேயும் பகுதியை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இது மிகவும் பயன்படும்.

எந்த மான்?

மான் என்று பொதுவாகச் சொன்னாலும் புள்ளிமான் வேறு, வெளிமான் வேறு. புள்ளிமானுக்கு உடல் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். ஆணின் கொம்பு கிளை விடும். விழுந்து மீண்டும் முளைக்கும். வெளிமானோ இரலை இனத்தைச் சேர்ந்தது. அதன் கொம்பில் கிளை கிடையாது. திருகாணி போல் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆயுள் முழுதும் விழாது. இதனால் திருகுமான் என்றும் சொல்வர். கொம்பு பெரும்பாலும் ஆணுக்கு மட்டுமே உண்டு. ஆணைக் கலை என்றும், பெண்ணைப் பிணை என்றும் அழைப்பது தமிழ் மரபு.

பெண்ணும் குட்டியும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். ஆண் வளர வளர முதுகு கறுக்கும். வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெள்ளையாகவே இருக்கும். தென்னாட்டு ஆண்களில் பல முழுக் கறுப்பாக மாறாமல் கரும்பழுப்பிலேயே நின்றுவிடும். வளர்ந்த ஆண் சராசரி 38 கிலோவும், பெண் 27 கிலோவும் இருக்கும். சினைக்காலம் ஏறத்தாழ 6 மாதம். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி.

வெளிமான் என்ற பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது. அது வெட்டவெளியில் வாழும் பிராணி. புல்தான் அதற்கு முக்கிய உணவு. ஆபத்து வந்தால் அதற்குத் துணை கண்ணும் காலும்தான். தொலைவிலேயே பகையைக் கண்டு ஓடிவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைக் கூடத் தொடும். பார்வையை மறைக்கும் புதர்க்காட்டில் இந்தக் கண்ணும் பயன்படாது, காலும் பயன்படாது. இந்த ஒரு குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாடம் எளிதாக விளங்கும்.

எங்கே இருக்கின்றன?

ஒரு காலத்தில் இந்தியச் சமவெளி எங்கும் இம்மான் பெரும் மந்தைகளாக மேய்ந்தது. வேட்டையாலும், மேய்ச்சல் நிலம் உழவு நிலமாக மாறியதாலும் குறைந்தது. 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வெளிமான் இடம் பெற்றுள்ளது. அதாவது, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. இந்த அட்டவணையில் உள்ள பிராணியைக் கொன்றால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கும். 2022ல் செய்த சட்டத் திருத்தத்தின்படி அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

வட மாநிலங்கள் சிலவற்றில் பாதுகாப்பின் பயனாக எண்ணிக்கை தேறியது. ஆகவே சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017ல் இதனை உலக அளவில் அபாயம் குறைந்த இனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் தமிழ்நாட்டின் நிலை வேறு. இங்கே வெளிமான் ஒன்றோடொன்று தொடர்பில்லாத சில திட்டுகளில் மட்டுமே எஞ்சியுள்ளது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் கோடியக்கரை. இங்கு 1967ல் சரணாலயம் அமைந்ததே இம்மானுக்காகத்தான். தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாடு. 1987ல் அமைந்த இந்தச் சரணாலயம் 16.41 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. இயற்கையாக வாழும் வெளிமான்களுக்கு இதுவே தென்கோடி. ஈரோடு, நீலகிரி மாவட்டங்களின் எல்லையில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. சென்னையில் 2.70 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்கா.

ஒரு திட்டில் அழிந்தால், இன்னொரு திட்டிலிருந்து மான் தானாக நடந்து வந்து அந்த இடத்தை நிரப்ப முடியாது. நடுவில் ஊரும் சாலையும் வயலும் உள்ளன. ஆகவே ஒவ்வொரு திட்டிலும் எத்தனை உள்ளன, கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று ஆண்டுதோறும் அறிவது அவசியம்.

எண்ணும் காலமும் நேரமும்

வெளிமான் காலையிலும் மாலையிலும் வெளியில் மேயும். உச்சி வெயிலில் நிழலில் படுத்து அசை போடும். ஆகவே காலை 6 மணி முதல் 9 மணி வரையும், மாலை 4 மணி முதல் 6 மணி வரையும் எண்ணுவது நல்லது. மழைக்காலம் முடிந்த தை, மாசி மாதங்கள் ஏற்றவை. கோடையில் மற்றொரு முறை எண்ணினால் தண்ணீர்ப் பஞ்சத்தின் விளைவும் தெரியும். எந்த மாதம் எண்ணினாலும் ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே நேரத்தில், அதே வழியில் எண்ண வேண்டும். இந்த ஆண்டு தையிலும் அடுத்த ஆண்டு சித்திரையிலும் எண்ணினால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

சரணாலயத்துக்குள் வனத்துறையின் அனுமதி இன்றி நுழையக் கூடாது. வனத்துறை நடத்தும் கணக்கெடுப்பில் கல்லூரி மாணவர்களும் தொண்டர்களும் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். விருப்பமுள்ள விவசாயிகள் வனச்சரக அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டு வைக்கலாம். சொந்த நிலத்தில் நின்று பார்த்துக் குறிப்பெழுத எவர் அனுமதியும் தேவையில்லை.

முதல் முறை: பகுதி பிரித்து எண்ணுதல்

சிறிய இடத்துக்கு இது ஏற்றது. இடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வண்டிப்பாதை, ஓடை, வரப்பு போன்று கண்ணுக்குத் தெரியும் எல்லை இருந்தால் குழப்பம் வராது. பகுதிக்கு இரண்டு பேர் வீதம் நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும். கூட்டம் ஓடினால் எத்தனை உருப்படி, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் சென்றது என்று குறிக்க வேண்டும். மாலையில் எல்லாக் குறிப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது, 7 மணி 10 நிமிடத்துக்கு மேற்கே ஓடிய 14 உருப்படியும், 7 மணி 15 நிமிடத்துக்குப் பக்கத்துப் பகுதியில் கிழக்கிலிருந்து வந்த 14 உருப்படியும் ஒன்றே என்று தெரிந்துவிடும். ஒன்றை அடித்துவிடலாம்.

இரண்டாம் முறை: நேர்கோட்டில் நடந்து எண்ணுதல்

பெரிய இடத்தில் எல்லா மானையும் எண்ண இயலாது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது போல், ஒரு பட்டையை மட்டும் எண்ணி மொத்தத்தைக் கணக்கிடுவர். இதற்கு நேரான ஒரு வழியைத் தேர்ந்து மெதுவாக நடந்து, இருபுறமும் குறிப்பிட்ட தூரத்துக்குள் தெரியும் மான்களை எண்ண வேண்டும். மான் நிற்கும் இடமாகப் பார்த்து வழியை அமைக்கக் கூடாது. நல்ல நிலம், கெட்ட நிலம் இரண்டிலும் வழி செல்ல வேண்டும். நல்ல பயிர் நிற்கும் மூலையில் மட்டும் அறுவடைச் சோதனை செய்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரியும் அல்லவா? அதைப் போன்றதே இது.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். 7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் இடம். அதில் 4 சதுர கிலோமீட்டர் புல்வெளி. 3 சதுர கிலோமீட்டர் முள்காடு. புல்வெளியில் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வழி. இருபுறமும் 200 மீட்டர் வரை நன்றாகத் தெரிகிறது. பட்டையின் அகலம் 400 மீட்டர், அதாவது 0.4 கிலோமீட்டர். பட்டையின் பரப்பு 2 × 0.4 = 0.8 சதுர கிலோமீட்டர்.

மூன்று நாள் காலையில் நடந்ததில் 22, 31, 25 மான்கள் தெரிந்தன. கூட்டினால் 78, சராசரி 26. ஒரு நாள் கணக்கை நம்பக் கூடாது என்பதற்கு இந்த மூன்று எண்களே சாட்சி. 26ஐ 0.8ஆல் வகுத்தால் 32.5. அதாவது ஒரு சதுர கிலோமீட்டர் புல்வெளியில் 32.5 மான்கள். 4 சதுர கிலோமீட்டருக்கு 130 மான்கள். முள்காட்டுக்குள் தனியாக நடந்து பார்த்தவர்கள் மான் எதையும் காணவில்லை. ஆகவே இவ்விடத்தின் மொத்தக் கணக்கு 130.

தவறு நேரும் இடம்

இப்போது ஒருவர் நிலத்தைப் பிரித்துப் பார்க்காமல், மொத்தப் பரப்பு 7 சதுர கிலோமீட்டர்தானே என்று 32.5ஐ 7ஆல் பெருக்குகிறார். விடை ஏறத்தாழ 228. இல்லாத 98 மான்கள் காகிதத்தில் பிறந்துவிட்டன!

இதைவிடப் பெரிய தவறு இனிமேல்தான் வருகிறது. சில ஆண்டுகள் கழிகின்றன. சீமைக்கருவேலம் பரவுகிறது. 4 சதுர கிலோமீட்டர் புல்வெளி 2.5 சதுர கிலோமீட்டராகச் சுருங்குகிறது. மான்கள் எஞ்சிய வெளியில்தான் மேய்கின்றன. பழைய வழியிலேயே நடந்தவர்கள் முன்போலவே சராசரி 26 மான்களைப் பார்க்கிறார்கள். "மான் குறையவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 32.5ஐ 2.5ஆல் பெருக்கிப் பாருங்கள். விடை 81. கண்ணுக்குத் தெரிந்த எண்ணிக்கை மாறாமலே 49 மான்கள் போய்விட்டன.

மானை மட்டும் எண்ணியவருக்கு இந்த இழப்பு தெரியவே தெரியாது. புல்வெளியையும் அளந்தவருக்கு மட்டுமே தெரியும். ஆகவேதான் கணக்கெடுப்பு என்பது மான் கணக்கும் நில அளவும் சேர்ந்தது என்று வற்புறுத்துகிறோம்.

பார்வைக்குத் தப்பியவை

மேலே காட்டிய கணக்கில் 200 மீட்டர் வரை எல்லா மானும் தெரியும் என்று கொண்டோம். உண்மையில் தூரம் கூடக் கூடச் சில தப்பிவிடும். இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு கூட்டமும் முதலில் கண்ணில் பட்டபோது வழியிலிருந்து நேர்ப்பக்கமாக எத்தனை மீட்டர் தள்ளி நின்றது என்று குறிக்க வேண்டும். கூட்டம் நின்ற இடத்தில் ஒரு மரத்தையோ புதரையோ அடையாளம் வைத்துப் பிறகு காலடியால் அளக்கலாம்.

உதாரணமாக, பல நாள் நடந்ததில் முதல் 50 மீட்டருக்குள் 10 கூட்டம், 50 முதல் 100 வரை 9, 100 முதல் 150 வரை 6, 150 முதல் 200 வரை 3 கூட்டம் தெரிந்தன என்று கொள்வோம். முதல் 100 மீட்டரில் 19. அடுத்த 100 மீட்டரில் 9. நிலம் ஒரே மாதிரி இருக்கும்போது, தள்ளிப் போனால் மான் குறைய வேறு காரணம் இல்லை. ஆகவே அடுத்த 100 மீட்டரிலும் 19 அளவில் இருந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 10 கூட்டம் பார்வைக்குத் தப்பியுள்ளன என்று பொருள். இந்தத் தத்துவத்தை வைத்தே ஆராய்ச்சியாளர்கள் கணிதச் சூத்திரம் அமைத்துக் கணக்கிடுகிறார்கள். நாம் எளிய வழியாக, தெளிவாகத் தெரியும் தூரத்துக்கு உள்ளே நின்றவற்றை மட்டும் கணக்கில் கொள்ளலாம்.

தலைக்கணக்கு மட்டும் போதாது

மந்தையில் 50 ஆடு இருக்கிறது என்றால் போதுமா? கிடா எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை என்று தெரிந்தால்தான் மந்தை வளருமா என்று சொல்ல முடியும். மானுக்கும் அப்படியே. கறுத்த ஆண், கொம்பில் முறுக்கு விழாத இளம் ஆண், பெண், குட்டி, அடையாளம் தெரியாதவை என்று ஐந்தாகப் பிரித்து எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் ஊகித்து எழுதாமல் கடைசிப் பத்தியில் போடுவது நலம்.

60 பெண்ணுக்கு 18 குட்டி தெரிந்தால், 100 பெண்ணுக்கு 30 குட்டி. இந்த எண் ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால், பெரியவை குறையாமல் இருந்தாலும் ஆபத்து தொடங்கிவிட்டது என்று அறியலாம். குட்டிகளை ஊர் நாய்கள் பிடிக்கின்றனவா, ஈனும் பருவத்தில் புல் இல்லையா என்று உடனே பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தாய் மான் குட்டியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும். தனியாகக் கிடக்கும் குட்டியைக் கண்டு அநாதை என்று எண்ணித் தூக்கி வரக் கூடாது. அப்படிச் செய்தால் நாமே தாயையும் குட்டியையும் பிரித்தவர்கள் ஆவோம். அருகில் நாய் இருந்தால் விரட்டிவிட்டு விலகிச் செல்ல வேண்டும். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

நிலத்தை அளக்கும் முறை

இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். 100 மீட்டர் கயிறு ஒன்றும், ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலத்தில் மூங்கிலால் கட்டிய சட்டம் ஒன்றும் போதும்.

புதர் அளவு: கயிற்றை நேராகப் பிடித்து, அதன் மேல் சீமைக்கருவேலத்தின் கவிப்பு எத்தனை மீட்டர் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் 12, இன்னோரிடத்தில் 8, மற்றோரிடத்தில் 15 மீட்டர் என்றால் மொத்தம் 35. அங்கே நூற்றுக்கு 35 பங்கு புதர். நடக்கும் வழியில் 200 மீட்டருக்கு ஒரு முறை இவ்வாறு அளக்கலாம்.

புல் அளவு: மூங்கில் சட்டத்தைத் தரையில் வைத்து, சட்டத்துக்குள் எத்தனை பங்கு புல், எத்தனை பங்கு வெற்றுத் தரை, புல்லின் உயரம் என்ன, பச்சையா காய்ந்ததா என்று எழுத வேண்டும். நல்ல புல் தெரியும் இடமாகப் பார்த்து வைக்கக் கூடாது. இத்தனை அடி நடந்தால் ஒரு முறை என்று முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்: வெளிமானுக்கு நாள்தோறும் குடிநீர் தேவை. எந்தக் குட்டையில் எந்த மாதம் வரை நீர் நிற்கிறது, நீர் உப்பா நன்னீரா என்று மாதம் ஒரு முறை குறிக்க வேண்டும். கோடியக்கரை போன்ற கடலோரப் பகுதியில் கோடையில் நன்னீர் கிடைப்பதே பெரிய பிரச்சினை.

போட்டியும் பகையும்: அதே வெளியில் மேயும் ஆடு மாடு எத்தனை, திரியும் நாய் எத்தனை என்றும் எழுத வேண்டும். கோடியக்கரையில் காட்டுத்தனமாகத் திரியும் மட்டக் குதிரைகளும் மானோடு புல்லுக்குப் போட்டியிடுகின்றன.

சீமைக்கருவேலம் செய்யும் கேடு

இம்மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இந்தியாவுக்கு 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகவும் வறட்சி நிலத்துக்காகவும் கொண்டு வரப்பட்டது. விறகும் கரியும் தந்து பல ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்பு எரிய உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் புல்வெளியில் புகுந்தால் அடர்ந்து மூடிவிடும். அடியில் புல் நலிந்துவிடும். பகை வருவது தெரியாததால் வெளிமான் அங்கே தங்காது. மயிலாடுதுறை மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் தமிழகச் சரணாலயங்களில் இம்மரத்துக்கும் வெளிமானுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துள்ளனர்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இம்மரத்தின் இனிப்பான காயை மாடும் குதிரையும் தின்கின்றன; புல் இல்லாத காலத்தில் வெளிமானும் தின்கிறது. விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிவந்து முளைக்கிறது. தன் வீட்டை மூடும் விதையைத் தானே சுமந்து விதைக்கிறது மான். ஆகவே சிறு கன்றாக இருக்கும்போதே பிடுங்குவது எளிது. வளர்ந்ததை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். உச்சி வெயிலுக்கு ஒதுங்க நிழல் வேண்டுமாதலால், நாட்டு மரங்களைக் காத்துக்கொண்டு படிப்படியாக அகற்றுவது நல்லது. சரணாலயத்துக்குள் இதை வனத்துறைதான் செய்ய வேண்டும். நம் தரிசிலும் வரப்பிலும் நாம் செய்யலாம். அது நம் நிலத்துக்கும் நன்மை.

புயலும் நோயும் கற்றுத்தந்த பாடம்

2018 நவம்பர் 16ந் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தது. தென்னையும் வீடும் இழந்த விவசாயிகள் அதை மறக்க மாட்டார்கள். கோடியக்கரையில் மான்களும் குதிரைகளும் மாண்டன. இத்தகைய இழப்பை அளக்க வேண்டுமானால் புயலுக்கு முந்தைய கணக்கு கையில் இருக்க வேண்டும். புயல் வந்தபின் எடுக்கும் கணக்கு எஞ்சியதைச் சொல்லும்; போனதைச் சொல்லாது.

இதற்கு வெளிநாட்டிலும் ஒரு சான்று உண்டு. மத்திய ஆசியாவில் கஜகஸ்தான் நாட்டின் புல்வெளிகளில் சைகா என்னும் இரலை வாழ்கிறது. அங்கே ஆண்டுதோறும் விமானத்திலிருந்து மந்தைகளை எண்ணி வந்தார்கள். 2015 மே மாதத்தில் சில வாரங்களுக்குள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சைகாக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டன. முந்தைய கணக்கு இருந்ததால்தான், உலகில் இருந்த சைகாக்களில் பாதிக்கு மேல் போய்விட்டன என்று உடனே தெரிந்தது. காரணம் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா. நம் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் வரும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் அதுவே காரணம். பிறகு பாதுகாப்பு பலப்பட்டது. இடைவிடாமல் எண்ணியும் வந்தார்கள். 2023ல் எண்ணியபோது சைகாக்கள் 19 லட்சத்தைத் தொட்டிருந்தன.

வெளிமான் மேயும் இடத்தில் மாடு மேய்ப்பவர்கள் தொண்டை அடைப்பான், கோமாரி தடுப்பூசிகளைத் தவறாமல் போட வேண்டும். அது மாட்டையும் காக்கும்; மானுக்கு நோய் தொற்றும் வாய்ப்பையும் குறைக்கும்.

விவசாயிக்கு என்ன லாபம்?

மான் வயலில் இறங்கினால் நட்டம் நமக்குத்தானே, அதை ஏன் எண்ண வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இளம் பயறையும் கடலையையும் மேய்ந்துவிட்டால் மானாவாரிக்காரர் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் "நூற்றுக்கணக்கான மான்கள் வருகின்றன" என்று பொதுவாகச் சொன்னால் எவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன சர்வே எண்ணில், இத்தனை உருப்படி, இன்ன பயிர், முளைத்து இத்தனை நாள், இத்தனை சென்ட் சேதம் என்று எழுதிவைத்த நோட்டு ஒன்று இருந்தால் மனுவுக்கு வலு கூடும். எந்த மாதத்தில், எந்தப் பக்கமாக இறங்குகின்றன என்று தெரிந்தால் காவலையும் அந்த நாட்களில் அந்தப் பக்கத்தில் போட்டால் போதும். ஆண்டு முழுதும் கண் விழிக்க வேண்டாம்.

அந்த நோட்டு இன்னொன்றையும் காட்டும். உள்ளே புல்லும் நீரும் உள்ள மாதங்களில் மான் வெளியே வருவது குறைவாகவும், அவை தீர்ந்த மாதங்களில் கூடுதலாகவும் இருந்தால், வயலுக்கான தீர்வு மேய்ச்சல் வெளியைச் சீர்திருத்துவதில் இருக்கிறது என்று நாமே ஆதாரத்தோடு கேட்கலாம். மின்கம்பியிலிருந்து கொக்கி போட்டு வேலியில் மின்சாரம் விடுவது மட்டும் கூடவே கூடாது. அது குற்றம், இரவில் நீர் பாய்ச்ச வரும் மனிதரின் உயிரையும் வாங்கிவிடும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. ஆண்டுதோறும் ஒரே மாதம், ஒரே நேரம், ஒரே வழி.

2. ஒரு நாள் கணக்கை நம்ப வேண்டாம். குறைந்தது மூன்று நாள் எண்ணிச் சராசரி காண வேண்டும்.

3. ஆண், பெண், குட்டி எனப் பிரித்து எழுத வேண்டும்.

4. புல்வெளியையும் புதர்க்காட்டையும் தனித்தனியே அளந்து, தனித்தனியே கணக்கிட வேண்டும்.

5. புல், நீர், நாய், மேயும் ஆடு மாடு ஆகியவற்றையும் குறிக்க வேண்டும்.

6. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். மான் காணாத நாளிலும் "இல்லை" என்று எழுத வேண்டும். அதுவும் ஒரு கணக்கே.

பயிற்சிக் கணக்கு

புல்வெளியில் 1.5 கிலோமீட்டர் வழி. இருபுறமும் 150 மீட்டர் வரை தெரிகிறது. நான்கு நாளில் 9, 14, 11, 14 மான்கள். புல்வெளியின் பரப்பு 1.8 சதுர கிலோமீட்டர். மொத்த மான் எத்தனை? அடுத்த ஆண்டும் சராசரி மாறவில்லை. ஆனால் புல்வெளி 1.35 சதுர கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது. அப்போது எத்தனை?

விடை: சராசரி 12. பட்டையின் பரப்பு 0.45 சதுர கிலோமீட்டர். முதல் ஆண்டு 48 மான்கள். அடுத்த ஆண்டு 36. நடந்தவர் கண்ணுக்கு ஒன்றும் குறையவில்லை. உண்மையில் நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் இக்கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். வரும் தை மாதத்தில் ஒரு நோட்டும் ஒரு கயிறும் எடுத்துக்கொண்டு உங்கள் நிலத்தின் ஓரத்திலிருந்தே தொடங்கலாம்.